முதுகுப்பையில் ஏறும் நெருப்பு

2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்கள் அதில் இருந்தார்கள். 9 பேர் உயிரிழந்தார்கள். பயணிகள் விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. நாள்கணக்கில் நீளும் பயணம், வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயிறு, காலையில் ஒரு தேநீராவது நம் கையால் போட்டுக் குடிக்கலாமே என்ற ஆசை. அந்த ஆசையில் யாரும் குறை காண முடியாது. அதனால்தான் அது பயமுறுத்துகிறது.

இமயமலையில் பல நாள் நடைக்குக் கிளம்பும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால், "அது பெரிய சிலிண்டர் சார். நாங்க கொண்டுபோறது கைக்குள்ள அடங்குற கேனிஸ்டர்" என்கிறார்கள். சட்டம் அளவு கேட்பதில்லை. ஆபத்தான பொருளை அனுமதியில்லாமல் ரயிலில் ஏற்றுவது ரயில்வே சட்டம் 1989, 164ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் ஏற்படும் சேதத்துக்கும் கொண்டுவந்தவரே பொறுப்பு. அபராதத் தொகையைப் பார்த்துச் சிலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஒரு ரயில் பெட்டியின் சேதம் என்ன விலை என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

நீண்ட நடைக்கு இலேசான அடுப்பு எது என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். கேட்பவர் ஏற்கெனவே ஒரு மாடலைப் பார்த்து வைத்திருப்பார். 73 கிராமா, 25 கிராமா என்பதுதான் அவர் கேள்வியாக இருக்கும். நான் பதிலுக்குக் கேட்பது இவைதான்: எந்த வழியாகப் போகிறீர்கள்? போய் இறங்கும் ஊரில் எந்த எரிபொருள் கிடைக்கும்? நடக்கப் போகும் காட்டில் அதைக் கொளுத்த அனுமதி உண்டா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் அடுப்பு தானாகவே முடிவாகிவிடும். விடை தெரியாமல் வாங்கிய அடுப்பு எவ்வளவு இலேசாக இருந்தாலும் சுமைதான்.

சென்னையிலிருந்து விமானத்தில் போகிறவர்களுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. கேஸ் கேனிஸ்டரைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பாதி தீர்ந்தது, முக்கால் தீர்ந்தது என்ற சமாதானமெல்லாம் செல்லாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த பழைய அடுப்பானால், துளி எரிபொருளும் வாடையும் இல்லாமல் துடைத்துக் காயவைத்து, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடுதான் கொண்டுபோக முடியும். லைட்டரும் தீப்பெட்டியும் நம் நாட்டு விமானங்களில் இரண்டு பைகளிலுமே தடை. ஆகவே வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டியவை அடுப்பின் தலைப்பகுதியும் பாத்திரமும் மட்டும். எரிபொருளையும் லைட்டரையும் நடை தொடங்கும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். டேராடூன், மணாலி, லே, நேபாளத்துக்குப் போனால் காட்மாண்டுவின் தமேல் கடைத்தெரு என எங்கும் மரை போட்ட கேனிஸ்டர்கள் விற்கிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கொடுத்துவிடுங்கள்.

எரிபொருள்களில் பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இந்த மரை கேனிஸ்டர்தான். உள்ளே ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த வாயு. நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஸ்ப்ரே டப்பா போல நீளமான கேன்களில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன் இருக்கும். கடல் மட்டத்தில் பியூட்டேன் ஆவியாவது மைனஸ் 0.5 டிகிரியில், ஐசோபியூட்டேன் மைனஸ் 12இல், புரோப்பேன் மைனஸ் 42இல். வீட்டு மொட்டைமாடியில் சோதித்தபோது அழகாக எரிந்த பியூட்டேன் கேன், உறைபனி விழுந்த காலையில் எரிய மறுப்பதற்கு இதுதான் காரணம். எங்கள் குழுவிலும் ஒருமுறை அப்படி நடந்தது. நண்பர் ஒருவர் கேனை மெழுகுவத்திச் சுடரில் காட்டிச் சூடேற்றப் பார்த்தார். பிடுங்கி எறிந்தேன். அன்று காலை எல்லோரும் பச்சைத் தண்ணீரில் சத்துமாவு கரைத்துக் குடித்துவிட்டு நடந்தோம். கேனிஸ்டரை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் உடம்புச் சூடே அதற்குப் போதும். நெருப்பால் சூடேற்றுவது ஒருபோதும் கூடாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத இடத்தில், மூடி போட்ட பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க 7 முதல் 10 கிராம் வாயு போதும். குளிரும் காற்றும் சேர்ந்தால் 15 கிராம் வரை ஆகலாம். ஒருவருக்கு நாளைக்கு இரண்டு முறை என்று வைத்தால், 230 கிராம் கேனிஸ்டர் ஒரு வாரம் தாங்கும். காலி டப்பாவோடு சேர்த்து அதன் எடை சுமார் 380 கிராம். அடுப்புக்கு 75, மூடியுள்ள முக்கால் லிட்டர் டைட்டானியம் பாத்திரத்துக்கு 110, கரண்டி, லைட்டர் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 600 கிராமைத் தாண்டாது. டைட்டானியம் கட்டுப்படியாகாவிட்டால் மெல்லிய அலுமினியப் பாத்திரம் தாராளம். உயரமான ஒடுங்கிய பாத்திரத்தைவிட அகலமானது சூட்டை நன்றாக வாங்கும். அடுப்பில் 25 கிராமுக்கும் 75 கிராமுக்கும் உள்ள 50 கிராம் வித்தியாசத்துக்கு ஆசைப்பட்டு, பாத்திரம் ஆடும் சின்னத் தாங்கிகளை வாங்காதீர்கள். கொதிநீர் தொடையில் கவிழ்ந்தால், அருகிலுள்ள மருத்துவமனை இரண்டு நாள் நடைத்தொலைவில் இருக்கும்.

ஸ்பிரிட் அடுப்பு இலேசிலும் இலேசு. சோடா டின்னை வெட்டியே செய்துகொள்ளலாம், 20 கிராம்கூட வராது. ஆனால் அதே அளவு சூட்டுக்கு ஸ்பிரிட் ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை வேண்டும். நாள் கூடக்கூட அந்த இலேசு கரைந்துபோகும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றியவர்களின் கையில் பாட்டிலே தீப்பிழம்பாகியிருக்கிறது. திருகி அணைக்க வால்வு கிடையாது. கீழே கவிழ்ந்தால் எரியும் திரவம் ஓடும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அதே மெத்தனால்தான் அது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் இருட்டில் யாராவது குடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ராணுவத்தினருக்குப் பழக்கமான ஹெக்ஸமின் வில்லைகள் அவசரத்துக்கு நல்லவை, 14 கிராம் வில்லை ஒன்று அரை லிட்டரைக் கொதிக்க வைத்துவிடும். ஆனால் புகை கெட்டது, பாத்திரத்தில் பிசுக்கு ஒட்டும்.

பணம் மிச்சப்படுத்த நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்கும் ஒரு வழி எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வீட்டு சிலிண்டரிலிருந்து சின்ன கேனுக்கு வாயுவை மாற்றி நிரப்புவது. அதற்கென்று பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், செய்முறை வீடியோக்களும் சுற்றுகின்றன. 20 டிகிரி வெப்பத்தில் பியூட்டேன் டப்பாவுக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புரோப்பேனுக்கு அது எட்டு மடங்குக்கும் மேல். வீட்டு எல்பிஜி இரண்டும் கலந்தது. பியூட்டேனுக்கென்று செய்த தகர டப்பாவில் அதை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெயிலில் நிறுத்திய ஒரு காரே போதிய சோதனை. ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு எல்பிஜியை மாற்றுவது 2000ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி தடை செய்யப்பட்டது. மீறினால் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வழக்கு. உரிமம் இல்லாமல் வாயு நிரப்புவது எரிவாயு உருளைகள் விதிகள் 2016க்கும் எதிரானது. யாராவது கடையில் இப்படி நிரப்பி விற்றால் வாங்காதீர்கள், புகார் கொடுங்கள். வாயுக் கசிவு அவசரத்துக்கு 1906 என்ற எண் எந்நேரமும் இயங்குகிறது.

காற்றுத் தடுப்புத் தகடும் இதே போல ஆபத்தானது. மலையில் காற்று அடித்தால் எரிபொருள் வீணாகும் என்பது உண்மை. அதற்காக அடுப்பையும் கேனிஸ்டரையும் சேர்த்துச் சுற்றிலும் அலுமினியத் தகட்டால் மூடினால், சூடு கீழே திரும்பி டப்பாவைச் சுட வைக்கும். கேனிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே அணையுங்கள். தடுப்பு வேண்டுமென்றால் காற்று வரும் பக்கம் மட்டும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். அகலமான தோசைக்கல்லை வைத்து நீண்ட நேரம் எரிப்பதாலும் இதே ஆபத்து வரும்.

கூடாரத்துக்குள் தலைவலி

இனிச் சொல்லப்போவதைப் படித்துவிட்டு உங்கள் குழுவினர் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன 8 பேர் ஒரு விடுதி அறையில் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. குளிருக்காகக் கேஸ் ஹீட்டரை ஏற்றி, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அங்கே எரிந்தது ஹீட்டர், கூடாரத்தில் எரிவது அடுப்பு. வாயு ஒன்றேதான். காற்று போதாமல் எரியும் எந்தச் சுடரும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

நச்சேறும்போது முதலில் வருவது தலைவலி. பிறகு குமட்டல், மயக்கம், கைகால் சோர்வு. உயரமான மலையில் ஆக்சிஜன் குறைவால் வரும் மலைநோய்க்கும் இதே அறிகுறிகள்தாம். 3,500 மீட்டருக்கு மேலே ஒருவர் தலைவலி என்று சொன்னால், குழுவில் எல்லோரும் மலைநோய் என்றே முடிவு கட்டுவார்கள். மாத்திரை கொடுத்து, "வெளியே குளிரடிக்குது, உள்ளேயே படு" என்பார்கள். அந்த அக்கறையே ஆளைக் கொல்லக்கூடும். கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் பையிலும் இருக்கும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இங்கே கைவிட்டுவிடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே அது காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ஒரே கூடாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா, வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் தெளிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தாலே அடுப்பை அணைத்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, போர்த்தி உட்கார வையுங்கள். குழுவில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் கொடுங்கள். தெளிந்துவிட்டாலும் கீழே இறக்கி மருத்துவரிடம் காட்டுங்கள். சமையல் எப்போதும் கூடாரத்துக்கு வெளியே நடக்கட்டும். மழையோ பனியோ வேறு வழியில்லாமல் செய்தால், முகப்பின் இரு பக்கமும் திறந்திருக்கட்டும், சமையல் முடிந்ததும் அடுப்பு வெளியே போகட்டும். எரிந்து தணிந்த கரியைச் சட்டியில் அள்ளி, கதகதப்புக்காக உள்ளே வைத்துக்கொள்வது இன்னும் மோசம். நம்மூர் மலைவாசத் தலங்களிலும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன்.

ஏஜென்சி மூலம் போகிறவர்கள், சமையல் கூடாரத்திலேயே உதவியாளர்களைத் தூங்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். காசு கொடுத்தவர்கள் கேட்டால்தான் அது மாறும். அந்தப் பிள்ளைகள் தாங்களாக வாய்திறக்க மாட்டார்கள்.

காட்டின் விதி

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 30ஆம் பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்து வரும் வகையில் தீ மூட்டுவதையும், மூட்டிய தீயை அணைக்காமல் விட்டுப்போவதையும் தடுக்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமுமாகப் போகலாம். காப்புக்காடுகளுக்குத் தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் இருக்கிறது, இமயமலை மாநிலங்களில் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம். உத்தராகண்டின் உயர்மலைப் புல்வெளிகளான புக்யால்களில் இரவு தங்குவதற்கே அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை விதித்தது. பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு அங்கே கூடாரம் போடப் போகாதீர்கள். வனத்துறையின் அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் உரிமை அது.

கவிழும் ஓர் அடுப்பு என்ன செய்யும் என்பதற்கு சிலி நாட்டின் டோரஸ் டெல் பைனே பூங்கா சாட்சி. 2005இல் செக் நாட்டுப் பயணி ஒருவரின் கையடக்க அடுப்பு காற்றில் கவிழ்ந்தது. சுமார் 15,000 ஹெக்டேர் எரிந்துபோனது. அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் நடப்பவர்கள், கலிபோர்னியாவில் கேஸ் அடுப்பு பற்றவைக்கவே தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கோடைக் கட்டுப்பாடுகள் வரும்போது வால்வு இல்லாத ஸ்பிரிட் அடுப்புகள்தாம் முதலில் தடையாகின்றன. நமக்கு இதைச் சொல்ல சிலிக்கும் கலிபோர்னியாவுக்கும் போக வேண்டியதுமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக ஓடும் நெருப்பாகும் என்று பார்த்தோம். இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்பது வேறு கேள்வி. அப்படிப்பட்ட சரிவில் நின்று ஒருவர் லைட்டரைத் தட்டலாமா என்பதே என் கேள்வி.

தீ தடைசெய்யப்பட்ட காட்டில் எதைத் தின்பது? தமிழ்ச் சமையலறையே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அவலுக்கு அடுப்பு வேண்டாம். கெட்டி அவலைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. பருப்புப்பொடி, வறுத்த வேர்க்கடலை, கடலைமிட்டாய், சத்துமாவு எல்லாமே எடைக்கு ஏற்ற சக்தி தருபவை. அடுப்பு அனுமதிக்கும் இடத்திலும் இந்த வழி உதவும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். லேயில் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசி அரைவேக்காடாக நிற்கும். வறுத்து வைத்த ரவையும் அவலும்தான் கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் பதமாகும். எரிபொருளும் பாதியாகக் குறையும்.

கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது

வாங்கிய அடுப்பின் வால்வு கசிந்தாலோ, தாங்கி உருகி வளைந்தாலோ விதியை நொந்துகொண்டு தூக்கி எறிந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் நிற்கிறது. குறைபாடுள்ள பொருளால் காயமோ இழப்போ ஏற்பட்டால் தயாரித்தவரையும், சில சூழல்களில் விற்றவரையும் இழப்பீடு கேட்கலாம். இறக்குமதிப் பொருளின் பொட்டலத்தில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் இருந்தாக வேண்டும். இணையக் கடையில் இந்த விவரங்கள் இல்லாத அடுப்பை வாங்காதீர்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் எதிர்மனுதாரர் யார் என்றே தெரியாமல் நிற்பீர்கள்.

இணையக் கடைகளுக்குக் குறைதீர் அலுவலர் இருந்தாக வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் வரையானால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இணையம் வழியாகவும் முடியும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பழுதான அடுப்பையும் கேனிஸ்டரையும் கழுவாமல், பழுதுபார்க்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். பில், படம், சிகிச்சைச் சீட்டு எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். தடைசெய்யப்பட்ட இடத்தில் தீ மூட்டியோ, டப்பாவை மறுபடி நிரப்பியோ விபத்து நடந்திருந்தால் இந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும். பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

வழக்கெல்லாம் பிறகு, முதலுதவிதான் முதலில். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். இட்லி மாவு, பற்பசை, மை எதுவும் தடவக் கூடாது. பனிக்கட்டியை நேராக வைக்கவும் கூடாது. குளிர் மலையில் காயத்தை மட்டும் குளிரவைத்து, மற்ற உடம்பைப் போர்த்துங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கீழே இறக்குங்கள்.

கடைசியாக, திரும்பி வரும்போது மீதமிருக்கும் கேனிஸ்டர். காசு கொடுத்து வாங்கியது, பாதிக்கு மேல் இருக்கிறது, அடுத்த முறைக்கு ஆகும் என்று மனசு சொல்லும். வாங்கும் நாளிலேயே கடைத் தராசில் நிறுத்து, அடியில் பேனாவால் எடையை எழுதிவைத்துவிட்டால் எவ்வளவு மீதம் என்று எந்த நாளும் தெரியும். காலி டப்பாவை மலையில் வீசாமல் ஊர் வரை சுமந்து வாருங்கள். நான் போனமுறை திரும்பியபோது 90 கிராம் மீதமிருந்தது. வாங்கிய கடையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அன்று காலைதான் வந்திறங்கிய இரண்டு பெண்கள் அங்கே அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வெறும் அடுப்புத் தலையோடு ரயில் ஏறினேன்.